டெய்லரா, டைலரா?

எட்மன்டனில் நான் போய் இறங்கிய இரவு வெப்பநிலை மைனஸ் 24 டிகிரி. பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்கக் கனடா சென்றிருந்தேன். கையுறையைக் கழற்றக்கூட நேரம் தராமல் என் வீட்டுத் தோழன் கேட்ட முதல் கேள்வி, “நீ டெய்லர் பக்கமா, டைலர் பக்கமா?” என்பதுதான்.

இரண்டும் ஒரே பெயராகத்தான் என் காதில் விழுந்தது. பிறகுதான் புரிந்தது, அது அந்த ஊரில் பதினைந்து ஆண்டுகளாக ஓடும் வாக்குவாதம் என்று. டெய்லர் ஹால், டைலர் செகின் என்ற இரண்டு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்கள். 2010ஆம் ஆண்டில் இருவருக்கும் வயது 18. கனடா முழுவதும் அந்த ஆண்டு இவர்களை ஒப்பிட்டுப் பேசியது.

ஐஸ் ஹாக்கி எனக்குப் புதிது. ஆனால் ஒரே வயதுள்ள இருவரை எடை போடும் பேச்சு எனக்குப் புதிதே இல்லை. என் பெரியம்மா மகனும் நானும் ஒரே ஆண்டில் பிஎஸ்எல்இ எழுதினோம். அப்போது டி-ஸ்கோர் முறை. இருவருக்கும் ஒரே மதிப்பெண். தீபாவளி விருந்தில் அதை வைத்து உறவினர்கள் செய்த ஆராய்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்தக் குளிர்காலத்தில் பாடப்புத்தகங்களைவிட இந்த இருவரின் கதையைத்தான் அதிகம் படித்தேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் சேர வேண்டிய இளையர்களைக் குழுக்கள் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்ற நிகழ்ச்சியில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். பட்டியலின் அடியில் இருக்கும் குழுக்களுக்கு முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க ஒரு குலுக்கலும் உண்டு. அந்த ஆண்டு கடைசி இடத்தில் இருந்த எட்மன்டன் ஆய்லர்ஸ் முதல் வாய்ப்பைப் பெற்றது. இரண்டாவது வாய்ப்பு டொராண்டோவுக்குப் போயிருக்க வேண்டியது. ஃபில் கெசல் என்ற ஆட்டக்காரரை வாங்குவதற்காக டொராண்டோ அதை முன்கூட்டியே பாஸ்டன் புருயின்சிடம் கொடுத்திருந்தது. ஆக, லீக்கின் மிக மோசமான குழு ஒருவரை எடுக்கும்; ஏற்கெனவே வலுவாக இருந்த குழு மற்றவரை எடுக்கும்.

அவர்கள் இருவரும் அப்போது ஆடிக்கொண்டிருந்தது ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற இளையர் போட்டியில். ஹால் வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் குழுவின் இடது ஓர ஆட்டக்காரர். செகின் பிளிமத் வேலர்ஸ் குழுவின் மைய ஆட்டக்காரர். இந்த விளையாட்டில் கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி. 2009-10 பருவம் முடிந்தபோது ஹால் 40 கோல், 66 உதவி. செகின் 48 கோல், 58 உதவி. கூட்டிப் பாருங்கள். இருவருக்கும் 106! அந்த லீக்கின் அதிகப் புள்ளிக்கான விருதை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

இதைப் படித்ததும் எனக்குத் தீபாவளி விருந்து நினைவுக்கு வந்துவிட்டது.

ஆனால் 106ம் 106ம் ஒன்றல்ல. ஹால் ஆடியது 57 ஆட்டங்கள். செகின் 63. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால் ஹாலுக்கு 1.86, செகினுக்கு 1.68. அப்படியென்றால் ஹால்தான் சிறந்தவரா? சற்றுப் பொறுங்கள். ஹாலைச் சுற்றி இருந்தவர்கள் யார்? கேம் ஃபவுலர், ரயன் எல்லிஸ், ஆடம் ஹென்ரிக் என்று பின்னாளில் என்எச்எல்லில் நீண்டகாலம் ஆடப்போகிறவர்களின் கூட்டம். செகினின் பிளிமத் குழுவில் அவ்வளவு பலம் இல்லை. கோல் வேண்டுமென்றால் அவரைத்தான் பார்க்கவேண்டும். அந்த லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் செகினுக்குத்தான் கிடைத்தது. என்எச்எல்லின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு வெளியிட்ட இறுதிப் பட்டியலிலும் வட அமெரிக்க ஆட்டக்காரர்களில் செகின் முதலிடம், ஹால் இரண்டாமிடம்.

மறுபக்கம் ஹாலின் வாதம் எளிமையானது: வென்று காட்டினார். அந்த ஆண்டு பிளேஆஃப் சுற்றில் வின்ட்சரும் பிளிமத்தும் நேருக்கு நேர் மோதின. நான்கு ஆட்டங்களிலும் வின்ட்சரே வென்றது. பிறகு கனடாவின் இளையர் குழுக்களுக்கான மெமோரியல் கோப்பையை வின்ட்சர் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகக் கைப்பற்றியது. இரண்டு ஆண்டும் அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஹால். அதற்கு முன்னர் யாரும் அந்த விருதை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியதில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பிறந்த தேதிதான். ஹால் பிறந்தது 1991 நவம்பர் 14. செகின் பிறந்தது 1992 ஜனவரி 31. இடைவெளி வெறும் 78 நாள். ஆனால் ஒன்டாரியோ லீக் பிறந்த ஆண்டை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறது. அதனால் ஹால் 2007ல் லீக்குக்கு வந்துவிட்டார், செகின் 2008ல் வந்தார். என்எச்எல்லோ செப்டம்பர் 15ஆம் தேதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குள் 18 வயதானவர்களுக்கே அந்த ஆண்டு டிராஃப்டில் இடம். நவம்பரில் பிறந்த ஹால் 2009ஐத் தவறவிட்டு 2010க்குத் தள்ளப்பட்டார். ஆக, 78 நாள் மூத்தவர் ஒரு முழுப் பருவம் கூடுதல் அனுபவத்தோடு அதே மேடைக்கு வந்தார். ஹாலின் 106 மூன்றாம் பருவத்தில் எடுத்தது. செகினின் 106 இரண்டாம் பருவத்தில் எடுத்தது.

நம் வகுப்பறைகளில் ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே தேர்வுத்தாளை எழுதுவதை நாம் கேள்வி கேட்பதே இல்லை. தொடக்கநிலை ஒன்றில் 11 மாதம் என்பது ஒரு பிள்ளையின் வயதில் ஏழில் ஒரு பங்கு. பெரியம்மா மகன் டிசம்பரில் பிறந்தவன், நான் பிப்ரவரி. அவனுக்குத் துணைப்பாட வகுப்பு கிடையாது, எனக்கு வாரத்தில் மூன்று. விருந்தில் யாரும் இதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

2010 ஜூன் 25, லாஸ் ஏஞ்சலிஸ். எட்மன்டன் டெய்லர் ஹாலின் பெயரை அறிவித்தது. அடுத்து பாஸ்டன், டைலர் செகின்.

முதல் ஆண்டிலேயே இரண்டு பாதைகளும் பிரிந்தன. எட்மன்டன் ஹாலுக்கு உடனே பெரிய பொறுப்பு கொடுத்தது. 65 ஆட்டங்களில் 22 கோல். ஒரு மோதலில் கணுக்கால் அடிபட்டு அவருடைய பருவம் பாதியில் முடிந்தது. குழு மீண்டும் கடைசி இடம். பாஸ்டனில் செகின் அடித்தது 11 கோல் மட்டுமே. பிளேஆஃபின் முதல் 11 ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். மைய ஆட்டக்காரர் பாட்ரிஸ் பெர்ஜரான் தலையில் அடிபட்டு விலகியதும் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் ஒரு கோல், ஓர் உதவி. இரண்டாவது ஆட்டத்தில் ஒரே இருபது நிமிடப் பகுதிக்குள் இரண்டு கோல், இரண்டு உதவி. அந்த ஜூன் மாதம், 19 வயதில், ஸ்டான்லி கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினார். விவாதம் முடிந்தது, செகின்தான் என்றார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அதே வாய்கள் மாற்றிப் பேசின. 2013 பிளேஆஃபில் செகின் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்தார். ஜூலை 4ஆம் தேதி பாஸ்டன் அவரை டல்லாஸ் ஸ்டார்சுக்கு அனுப்பிவிட்டது. 21 வயதில், கோப்பை வென்ற குழுவிலிருந்து.

அடுத்த பருவத்தின் கணக்கைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டல்லாஸ் செகினை அவருடைய பழைய மைய இடத்தில், ஜேமி பென்னோடு ஆட வைத்தது. 80 ஆட்டங்களில் 84 புள்ளி; லீக்கிலேயே நான்காவது இடம். எட்மன்டனில் ஹால் 75 ஆட்டங்களில் 80 புள்ளி. ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல், இருவருக்கும். நான்கு ஆண்டு, இரண்டு ஊர், ஒரு கோப்பை, ஒரு வெளியேற்றம் எல்லாம் முடிந்து, கிட்டத்தட்ட 106க்கு 106 என்ற இடத்திலேயே மறுபடி வந்து நின்றார்கள். ஆனால் டல்லாஸ் பிளேஆஃபுக்குப் போனது. எட்மன்டன் போகவில்லை. செய்தியில் ஒருவர் குழுவை உயர்த்தியவர், மற்றவர் தோல்விக் குழுவின் முகம்.

ஹால் எட்மன்டனில் இருந்த ஆறு பருவங்களில் குழு ஒருமுறைகூட பிளேஆஃபை எட்டவில்லை. குறைந்தது ஐந்து தலைமைப் பயிற்றுநர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் புதிய திட்டம், புதிய வரிசை. பதினெட்டு வயதில் வந்த பிள்ளை எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று என் வீட்டுத் தோழனின் அப்பா கேட்டார். அவர் டெய்லர் பக்கம். ஹாலின் பழைய 4ஆம் எண் சட்டையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்.

2016 ஜூன் 29ஆம் தேதி ஹாலும் போனார். நியூ ஜெர்சி டெவில்சின் தற்காப்பு ஆட்டக்காரர் ஆடம் லார்சனுக்காக, ஒருவருக்கு ஒருவர் என்ற நேர் மாற்று. செய்த பொது மேலாளர் பீட்டர் சியரெல்லி. இந்தப் பெயரைப் பார்த்ததும் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். 2010ல் பாஸ்டனுக்காகச் செகினைத் தேர்ந்தெடுத்தவரும், 2013ல் செகினை அனுப்பியவரும் அவரேதான். 2015ல் எட்மன்டனுக்கு வந்து, அடுத்த ஆண்டே ஹாலையும் அனுப்பினார். நாடே போட்டி போட்டு ஒப்பிட்ட இரண்டு இளையர்களையும் கைவிட்டவர் ஒரே மனிதர்.

ஹால் போன அடுத்த பருவமே எட்மன்டன் பிளேஆஃபை எட்டியது, பத்து ஆண்டுகளில் முதன்முறையாக. பார்த்தாயா, அவரால்தான் குழு கெட்டது என்றார்கள் சிலர். கானர் மெக்டேவிட் என்ற பெயரை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். ஹாலோ 2017-18ல் நியூ ஜெர்சிக்கு 93 புள்ளி எடுத்தார். அக்குழுவில் அவருக்கு அடுத்தவர் எடுத்தது 52. ஆறு ஆண்டுக்குப் பின் டெவில்ஸ் பிளேஆஃபுக்குப் போனது. லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது ஹாலுக்குக் கிடைத்தது. தம் முதல் பிளேஆஃப் ஆட்டத்தை அவர் ஆடியபோது வயது 26. செகின் கோப்பை தூக்கி அப்போது ஏழு ஆண்டு ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு உடல் தன் கணக்கைத் தொடங்கியது. செகினுக்கு 2020ல் இடுப்பிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம்தான். திரும்பி வந்து மறு பருவம் 24 கோல் அடித்தார். ஹால் அரிசோனா, பஃபலோ என்று சுற்றி, 2021ல் எங்கே போனார் தெரியுமா? பாஸ்டனுக்கு. அங்கிருந்து சிகாகோ போய், முழங்கால் தசைநார் கிழிந்து 2023-24 பருவத்தில் பத்தே ஆட்டம். பிறகு கரோலைனா.

முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அங்கே இன்னொரு பழைய கதையும் சொல்வார்கள். 1993 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான அலெக்சாந்தர் டேக், இரண்டாவதாக வருபவரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னார். அந்த இரண்டாமவர் கிறிஸ் பிராங்கர். அவர் 2000ல் ஹார்ட் விருது வாங்கி, 2015ல் ஹாக்கி புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். எனக்கு இந்தக் கதையில் முழு உடன்பாடு இல்லை. டேக் பாவம், 18 வயதில் ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினால் நாமும் இப்படித்தான் ஏதாவது உளறியிருப்போம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டுத் தோழனின் அப்பாவிடம், எட்மன்டன் அன்று செகினை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “அவனும் இங்கே ஆறு வருடம் தோற்றிருப்பான். அவனையும் திட்டியிருப்போம்” என்றார்.

பெரியம்மா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். இந்தக் கதையை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டிசம்பர், பிப்ரவரி, துணைப்பாடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். “இப்பத்தான் தெரியுதா?” என்று பதில் வந்தது.

போன வாரம் எட்மன்டனிலிருந்து ஒரு செய்தி. அடுத்த டிராஃப்டுக்கு இரண்டு புதிய பெயர்களை அனுப்பி, “நீ யார் பக்கம்?” என்று கேட்டிருந்தான் தோழன். நான் இன்னும் பதில் போடவில்லை. இருவரும் எந்த மாதம் பிறந்தவர்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.