தடுப்பூசி காத்த காவலர் உயிர்கள்

புதுடெல்லி: தடுப்பூசி போட்டவர்களுக்கும் கொரோனா வருகிறதே, பிறகு ஊசி எதற்கு? 2021-ல் பலரும் எழுப்பிய இக்கேள்விக்குத் தமிழகக் காவல்துறையின் கணக்கு விடை தந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மேற்கொண்ட இந்த ஆய்வின் விவரங்களை, நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே.பால் அவ்வாண்டு ஜூலையில் தலைநகரில் வெளியிட்டார்.

இரண்டாம் அலை வீசிய ஏப்ரல், மே மாதங்களில், ஊசியே போடாத 17,059 காவலர்களில் 20 பேர் கொரோனாவுக்குப் பலியாகினர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர் இறந்தனர். இரு தவணையும் போட்ட 67,673 பேரில் உயிரிழந்தோர் 4 பேர் மட்டுமே. அதாவது, இரு தவணை ஊசி உயிரிழப்பை 95 சதவீதம் தடுத்தது.

தொற்று ஏற்படுவதை ஊசி முழுமையாகத் தடுப்பதில்லை. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நுரையீரலில் நோய் முற்றுவதைப் பெருமளவு தடுக்கிறது. வீதியில் நின்று பணியாற்றிய காவலர்களுக்கு, வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக அதுவே அமைந்தது.