கணவாயில் ஒரு கல்லாப்பெட்டி

திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாளையும் ஜடாயு தீர்த்தத்தையும் பார்க்க வருகிறவர்கள் பாலுசெட்டி சத்திரத்தில் இறங்குவார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் மேற்கே போகிறது. சுற்றிலும் ஏரியும் வயலும். இப்படிப்பட்ட சமவெளியில் சாலைச் சுங்கம் வசூலிப்பது ரொம்பவும் சிரமமான தொழில். சாவடி கண்ணில் பட்டதுமே வண்டிக்காரர் ஏரிக்கரையில் இறங்கி, அடுத்த ஊரில் மறுபடி சாலையேறிவிடுவார். மலைக்கணவாயில் இந்தக் கதை நடக்காது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டால் போதும். மற்ற வேலியை மலை எப்போதோ போட்டுவிட்டது.

உலகம் முழுக்க இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 1880களில் சொந்தச் செலவில் சாலை வெட்டிய ஆட்டோ மியர்ஸ், யூரே ஊருக்கு அருகே தன் சாவடியை ஓர் அருவிக்கு மேலே போகும் பாலத்திலேயே வைத்தார். காசு தராமல் போக வேண்டுமானால் அருவியில்தான் குதிக்க வேண்டும்.

நம் ஊர்க் கதை அதைவிட மிகப் பழையது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சுங்கச்சாலை வருகிறது. மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் கூட்டமாகப் போகின்றன. பாதைகள் பிரியும் கவட்டில், காட்டு வழியில், வில்லேந்தியவர்கள் காவல் நிற்கிறார்கள். பிரியும் இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டால் எந்தக் கிளையில் போகிறவரும் தப்ப முடியாது. ஒரே காவலில் இரண்டு பாதைக்கும் வசூல்! வில் வீரர்கள் வாங்குவதற்கு மட்டும் நிற்கவில்லை. வழிப்பறிக்காரரிடமிருந்து வணிகரைக் காப்பதும் அவர்கள் வேலை. சுங்கம் என்பது பாதி காவல் கூலி.

மிளகு மேற்கு மலைகளின் சரக்கு. அதற்கு ஏன் கழுதை? ஏற்ற இறக்கமான ஒற்றையடிப் பாதையில் சக்கரம் உருளாது. கழுதைக்குக் குளம்பு வைக்கக் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். மூட்டைகளை இருபுறமும் சம எடையாகத் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கம் சற்றுக் கனத்தாலும் சரிவில் விலங்கு சாய்ந்துவிடும். தழும்பேறிய அதன் முதுகைக்கூடப் புலவர் பார்க்கத் தவறவில்லை.

சக்கரம் போகும் வழிகளிலும் மேடு வந்தால் ஆபத்துதான். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிய உமணர், வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். மேட்டிலோ பள்ளத்திலோ அச்சு முறிந்தால் அதை எடுத்து மாட்டலாம். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் புறநானூற்றில் இந்த அச்சைத்தான் உவமையாக்குகிறார். இன்று லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு இவ்வளவு வயது.

அதியமான் என்ற பெயரில் ஒரு சாலையும் இருந்தது. தருமபுரிப் பக்கம் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அது அதியமான் பெருவழி என்றும் நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதத் தூரம் என்றும் சொல்கிறது. எழுத்தோடு நிற்காமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரரும் இருட்டில் விரலால் தடவியே தூரத்தைக் கண்டுகொள்ளலாம். என்னைக் கேட்டால், இத்தனை கரிசனமான மைல்கல் பிறகு எந்த நெடுஞ்சாலையிலும் நடப்படவில்லை.

மலையின் நெஞ்சுக்கே பாரவண்டி ஏறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. நீலகிரியில் குன்னூர்ப் பாதையை 1830களின் தொடக்கத்தில் வெட்டியவர்கள் ‘பயனியர்’ எனப்பட்ட சென்னை ராணுவத்தின் பாதை வெட்டும் படையினர். அந்தப் பாதை செங்குத்தானது, வண்டிகளுக்குப் பெரும்பாடு. நல்ல வண்டிச்சாலை அமைய 1870களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை அமைத்த பொறியாளர் லாவின் பெயரில்தான் குன்னூர் அருகே லாஸ் அருவி இருக்கிறது.

வித்தை முழுவதும் சரிவு விகிதத்தில் இருக்கிறது. அதாவது, எத்தனை அடி போனால் ஓர் அடி ஏறுகிறோம் என்ற கணக்கு. சரக்கோடு 1,000 கிலோ உள்ள வண்டி, ஐந்தடிக்கு ஓரடி ஏறும் பாதையில் போனால், மாடுகள் கூடுதலாக ஏறத்தாழ 200 கிலோ பாரத்தை இழுக்கின்றன. அது 25 கிலோ அரிசி மூட்டை எட்டு. இருபதடிக்கு ஓரடி என்று ஆக்கினால் இரண்டே மூட்டை! ஆனால் அதற்கு நீளத்தை விலையாகத் தர வேண்டும். மலையடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,300 மீட்டர் ஏற்றம். இருபதுக்கு ஒன்று என்றால் 26 கிலோமீட்டர் சாலை வேண்டும். அத்தனை நீளத்தை அந்தச் சின்ன மலைமுகத்தில் மடித்து வைக்கத்தான் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

வளைவிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. திரும்பும்போது உள் ஓரம் குட்டை, வெளி ஓரம் நெட்டை. ஏற வேண்டிய உயரமோ ஒன்றுதான். ஆகவே உள் ஓரம் எப்போதும் அதிகச் செங்குத்து. அதனால் வளைவுகளில் சரிவைக் குறைத்து, அகலத்தைக் கூட்ட வேண்டும். அடுத்த முறை ஊட்டிப் பேருந்தில் போகும்போது கவனியுங்கள்.

இத்தனை வேலைக்கும் பராமரிப்புக்கும் காசு வேண்டுமே. 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் சாலைகளில் சாவடி போட்டு வண்டிக்கும் மாட்டுக்கும் வசூலித்தார்கள். மோட்டார் பெருகியதும் 1931-இல் வாகன வரிச் சட்டம் வந்து சாவடிகளை ஓரங்கட்டியது. திருச்சியில் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள நம்பர் 1 டோல்கேட் போலச் சில ஊர்ப்பெயர்கள் மிஞ்சின. மலை இல்லாத இடத்தில் ஆறும் அதே வேலியைப் போட்டுத் தரும்.

பல பத்தாண்டுகள் கழித்து நெடுஞ்சாலைகளில் சுங்கம் திரும்பியது. இப்போது மலைக்குப் பதில் உயர்ந்த கரையும் இரும்புத் தடுப்பும். கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் எண்ணைச் சொல்கிறது. ஒரு விஷயம்: உங்கள் வீடு தேசிய நெடுஞ்சாலைச் சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால், சொந்த உபயோக வண்டிக்குச் சலுகை விலையில் மாதாந்திர பாஸ் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.