நீச்சல் மறக்காதுதான்... ஆனால் மூச்சு மறந்துவிடும்! - நீண்ட இடைவெளிக்குப் பிறகு குளத்துக்குத் திரும்புபவர்களுக்கு

`சைக்கிளும் நீச்சலும் ஒருமுறை கத்துக்கிட்டா மறக்காது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். கொரோனா காலத்தில் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வந்து, பிறகு `நாளைக்குப் போகலாம், அடுத்த மாசம் போகலாம்' என்று தள்ளிப்போட்டு, ஒருவழியாகத் திரும்பப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் 25 மீட்டர் நீந்தி முடித்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய கதையைச் சொல்வார்கள். கையும் காலும் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். ஆனாலும் முடியவில்லை. ஏன்?

இதற்குப் பதில் தெரிந்துகொள்ள, நெய்வேலியில் வளர்ந்த ஒரு வீரரின் கதையிலிருந்து தொடங்கலாம்.

204 நாள்கள்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது நாட்டில் எல்லா விளையாட்டுகளும் நின்றன. மே 18-ல் வந்த தளர்வில் பார்வையாளர்கள் இல்லாமல் விளையாட்டு அரங்கங்களைத் திறக்கலாம் என்றார்கள். ஆனால் நீச்சல் குளங்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. போட்டி வீரர்கள் பயிற்சி எடுக்கவே அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் 204 நாள்கள். பொதுமக்களுக்கான அனுமதி 2021 பிப்ரவரி 1-ல்தான் வந்தது. `அப்பாடா' என்று மூச்சுவிடுவதற்குள் இரண்டாம் அலை வந்து, பல இடங்களில் மறுபடியும் பூட்டு!

ஓட்டக்காரர் மொட்டை மாடியில் ஓடலாம். பளு தூக்குபவர் தண்ணீர் கேனைத் தூக்கலாம். நீச்சல் வீரர் என்ன செய்வார்? அமெரிக்காவின் கேட்டி லெடெக்கிக்கு, ஒரு குடும்பம் தன் வீட்டுப் பின்புறக் குளத்தைப் பயிற்சிக்குத் தந்தது. நம் ஊரில் எத்தனை வீட்டில் குளம் இருக்கிறது? 2010 ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற வீர்தவல் காடே, `ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்' என்று 2020 ஜூனில் சமூக வலைதளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

ஃபூகெட்டில் மாட்டிக்கொண்டவர்

சஜன் பிரகாஷ் கேரளத்தின் இடுக்கியில் பிறந்தவர். அம்மா ஷாந்திமோள் தடகள வீராங்கனை. வேலை நெய்வேலி என்.எல்.சி-யில். அதனால் சஜன் வளர்ந்தது நெய்வேலியில். 2018 ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப்போட்டிக்குள் நுழைந்து 5-ம் இடம் பிடித்தார். நேரம் 1 நிமிடம் 57.75 விநாடி.

பட்டர்ஃபிளை பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தண்ணீரை விட்டு மேலே வந்து, மறுபடி முன்னால் விழ வேண்டும். தோள்பட்டையைப் பிழிந்தெடுத்துவிடும். வாடிக்கையாக நீந்துபவர்களில்கூட பலர் இதன் பக்கமே போக மாட்டார்கள்.

கொரோனா வந்தபோது சஜன், சர்வதேச நீச்சல் சம்மேளனத்தின் உதவித்தொகையில் தாய்லாந்தின் ஃபூகெட்டில் பயிற்சியில் இருந்தார். குளம் மூடப்பட்டது, விமானங்கள் நின்றன. ஊருக்கும் வர முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. ஆகஸ்ட்டில்தான் துபாய்க்குப் போய், பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் மறுபடி தொடங்கினார். போதாக்குறைக்குக் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு விலகியதால், தோளிலும் கையிலும் வலி. நீச்சல் வீரருக்குத் தோள்தானே முதலீடு!

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற 1 நிமிடம் 56.48 விநாடிக்குள் நீந்த வேண்டும். அதுவரை எந்த இந்தியரும், எந்தப் பிரிவிலும், `ஏ' தகுதி எனப்படும் இந்த அளவை எட்டியதில்லை. கடைசித் தேதி 2021 ஜூன் 27. ஜூன் 19-ல் பெல்கிரேடில் நீந்தினார்: 1:56.96. அரை விநாடிக்கும் சற்றுக் குறைவாக நழுவியது. ஜூன் 26-ல் ரோமில் மறுபடியும் இறங்கினார். கெடு முடிய ஒரே ஒரு நாள்.

1:56.38!

தேவைப்பட்டதைவிட பத்தில் ஒரு விநாடி குறைவு. ஒரு முறை கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. 2018-ல், இடைவெளி எதுவும் இல்லாமல் நீந்தியபோது எடுத்த நேரத்தைவிட 1.37 விநாடி குறைவு என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சர்யம். அடுத்த நாளே அதே ரோமில் ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 விநாடியில் நீந்தி `ஏ' தகுதியைத் தொட்டார்.

டோக்கியோவில் சஜனின் நேரம் 1:57.22. 24-ம் இடம். அரையிறுதிக்கு முதல் 16 பேர்தான் போக முடியும் என்பதால் அங்கேயே நின்றுவிட்டது.

உடம்பு எதை மறக்கிறது?

ரோமில் கிடைத்த அந்த நேரத்துக்குப் பின்னால், ஆகஸ்ட்டிலிருந்து படிப்படியாகத் திரும்பக் கட்டிய பத்து மாதங்கள் இருக்கின்றன. நாமோ முதல் நாளே பழைய கணக்கைத் தொட நினைக்கிறோம்.

கைகால் வீசும் முறையை மூளை பத்திரமாக வைத்திருக்கும். பெரியவர்கள் சொல்வது அதுவரை சரி. ஆனால் பயிற்சியை நிறுத்திய இரண்டு, மூன்று வாரங்களிலேயே, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய தசைகளும் தளர்ந்துபோகும். பழைய வேகத்தில் கையைச் சுழற்றினால் வலி அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொன்று, உள்ளங்கையில் தண்ணீரை `பிடிக்கும்' உணர்வு. நீச்சல்காரர்களுக்கு மட்டுமே புரியும் விஷயம் இது. சில நாள் இடைவெளி விழுந்தாலே, தண்ணீர் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

அதனால், திரும்பப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் 20 நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளம் நீந்தி, மூச்சு சீரானதும் அடுத்தது. தினமும் போக வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தோளில் குத்தும் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்களும், கொரோனாவுக்குப் பிறகு படியேறினாலே படபடப்பு வருகிறவர்களும் டாக்டரைப் பார்த்த பிறகு இறங்குவதுதான் நல்லது.

நான் ரொம்பவே பயப்படுவது குளத்தில் நீந்துபவர்களைப் பற்றி அல்ல. அங்கே ஆழம் எழுதியிருக்கும், விசில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். லீவுக்கு ஊருக்குப் போய், `சின்ன வயசுல இந்தக் கிணத்துலதான் டைவ் அடிச்சேன்' என்று பிள்ளைகள் முன்னால் குதிக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான். கிணற்றில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருந்தாலும் பாசி வழுக்கும். நடுக் கம்மாயில் அதுவும் இல்லை. `நீச்சல் தெரியும்' என்ற நம்பிக்கை அப்படியே இருக்கும், அதைத் தாங்கும் மூச்சு இருக்காது.

`தண்ணிக்குள்ள யாரு ரொம்ப நேரம் இருக்கறது' போட்டியும் வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால், மூச்சு முட்டும் உணர்வே வராமல், தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்துபவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

சரி, குளத்துத் தண்ணீரில் கொரோனா பரவுமா என்று அப்போது எல்லோரும் பயந்தோமே? லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-ல் சோதித்துப் பார்த்தார்கள். குளோரின் சரியான அளவில் இருந்தால், அரை நிமிடத்தில் வைரஸின் தொற்றும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தண்ணீரைவிட, அடைசலான உடை மாற்றும் அறைதான் அன்றைக்குக் கவலைப்பட வேண்டிய இடம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன வேலை. பரணில் கிடக்கும் பழைய காகிள்ஸை எடுத்து, ரப்பரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் காய்ந்துபோய், குளத்தில் இறங்கிய முதல் நிமிடத்திலேயே அறுந்துவிடும்.