ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்க மறுப்பதேன்?

தோட்டத்தில் தொலைபேசி என்றால் அலுவலகத்தில் ஒன்று, நிர்வாகியின் பங்களாவில் ஒன்று என்பதோடு நின்றிருந்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அவசரச் செய்தி அனுப்பவும் பெரிய கிராணியாரின் தயவு வேண்டியிருந்தது. இன்றோ, கூலாய் வட்டாரத்தில் பால்மரம் வெட்டுவோரின் சட்டைப் பையிலும் விவேகக் கைப்பேசி இருக்கிறது. லயத்து வீடுகளில், சிம் அட்டை பொருத்திய சிறிய ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் விளக்கெரிய வீற்றிருப்பதையும் காண்கிறோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிப் பாடங்கள் இணையத்திற்கு மாறியபோது, பிள்ளைகளின் பொருட்டே அதனை வாங்கிய பெற்றோர் பலர். இப்போது ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், ரஹ்மா ரொக்க உதவிக்கு மனுச் செய்வதும், சம்பளம் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று அறிவதும் அந்தப் பெட்டியின் வழியாகவே நடைபெறுகின்றன.

பெட்டிக்கென்று ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதும், யார் யார் அதனோடு இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் அங்கேதான். கணினி இல்லாத வீட்டில் கைப்பேசி வழியாகவே அப்பக்கத்தைத் திறக்க வேண்டும். திறக்க முற்பட்டவர்களில் பலர், "கதவு திறக்கவில்லை" என்று கைவிட்டுவிடுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் பெட்டியில் பழுதொன்றும் இருப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரவுட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வைஃபை சாவி. அது வீட்டு வாசலைத் திறப்பது. உறவினர் வந்தால் நாம் அவர்களுக்குச் சொல்வது அதுவே. மற்றொன்று நிர்வாகச் சாவி. அது வீட்டிற்குள் இருக்கும் அலமாரியைத் திறப்பது. வாசற்சாவியால் அலமாரியைத் திறக்க முயல்வதே நாம் மிகுதியாகக் காணும் சிக்கல். இரண்டும் பெட்டியின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்துகள் மிகவும் சிறியவை. ஆகவே, அத்தாளைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. சுழியத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் பிரித்தறிய அது உதவும்.

சாவி சரியாக இருந்தும் பக்கமே தோன்றவில்லையானால், கைப்பேசி தவறான பாதையில் போகிறது என்று கொள்ளலாம். 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 போன்ற ரவுட்டர் முகவரிகள் உலகப் பொது முகவரிகள் அல்ல. 192.168 என்று தொடங்கும் எண்களைத் தனிப்பட்ட வலையமைப்புகளின் உள் உபயோகத்திற்கென்று 1994ஆம் ஆண்டிலேயே ஒதுக்கிவிட்டார்கள். எல்லாத் தோட்டங்களிலும் ஐந்தாம் நம்பர் வீடு இருக்கிறது. ஆனால் கூலாய் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "ஐந்தாம் நம்பர் வீடு எங்கே?" என்று கேட்டால் யாரால் வழிகாட்ட முடியும்? அந்த எண்ணுக்குத் தோட்டத்திற்குள்தான் பொருள் உண்டு. இந்த முகவரிகளும் அப்படியே.

இங்கேதான் கைப்பேசி நம்மை ஏமாற்றுகிறது. ரவுட்டரின் சிம் அட்டையில் பணம் தீர்ந்து இணையம் நின்றுவிட்டால், கைப்பேசி அதனை உணர்ந்து, நமக்குச் சொல்லாமலே தன் சொந்த சிம்மின் வழியாக வெளியே போய்விடும். வெளியே போய் வீட்டுக்குள் இருக்கும் முகவரியைத் தேடினால் அது எவ்வாறு கிடைக்கும்? எனவே, கைப்பேசியின் மொபைல் டேட்டாவை முதலில் நிறுத்திவிட வேண்டும். விபிஎன் செயலி இயங்கினால் அதனையும் நிறுத்த வேண்டும். பிறகு வைஃபை அமைப்பில், நாம் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டுப் பார்த்தால் ரவுட்டரின் உண்மையான முகவரி தெரியும். ஐபோனில் அது 'ரவுட்டர்' என்றும், ஆண்டிராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் 'கேட்வே' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஊகித்து எண்களை அடிப்பதைவிட இதுவே உறுதியான வழி. விருந்தினருக்கென்று அமைத்த வைஃபையில் இணைந்திருந்தால் நிர்வாகப் பக்கம் திறவாது. அத்தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

முகவரியைத் தேடுபொறியின் கட்டத்தில் அடிப்பதும் கூடாது. அங்கே ஒன்று என்னும் எண்ணுக்குப் பதிலாக 'எல்' எழுத்து விழுந்துவிட்டால், விளம்பரப் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் சில நம் சாவியையே கேட்கும். உலாவியின் மேலுள்ள முகவரிப் பட்டையில், 'எச்.டி.டி.பி.' என்னும் நான்கு எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், அதன் பின் எண் என்ற முறையில் அடித்தால் குழப்பமில்லை. அப்போது "இப்பக்கம் பாதுகாப்பானதன்று" என்ற எச்சரிக்கை வரக்கூடும். வீட்டுப் பெட்டிக்கு வெளியுலகச் சான்றிதழ் இல்லாமையால் வருவது அது. நம் ரவுட்டரின் முகவரியே என்று உறுதி செய்துகொண்டபின் மேலே செல்லலாம். ஆனால் வங்கியின் பக்கத்தில் அதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

பக்கம் தோன்றியும் சாவி ஏற்கப்படவில்லையா? கைப்பேசியின் விசைப்பலகை முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். 'அட்மின்' என்ற பெயரைச் சிறிய எழுத்துகளில் கேட்கும் பெட்டி, பெரிய எழுத்தில் தொடங்கினால் மறுத்துவிடக்கூடும். கடவுச்சொல் கட்டத்தில் உள்ள கண் வடிவக் குறியைத் தொட்டு, அடித்ததைப் பார்த்துக்கொள்ளலாம். பலமுறை தவறினால் சில ரவுட்டர்கள் சற்று நேரம் கதவைப் பூட்டிவிடும்; பதற்றமின்றிக் காத்திருக்க வேண்டும். வேறு சிலவற்றில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழைய இயலும். மகனின் கைப்பேசியில் அப்பக்கம் திறந்தபடியே இருந்தால் தந்தைக்கு இடமில்லை!

இவற்றில் எதுவும் பலிக்காதபோதுதான் பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையை நாட வேண்டும். ஊசி போன்ற ஒன்றால் ஏறத்தாழ பத்து விநாடி அழுத்தினால், எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஒட்டுத்தாளில் உள்ள சாவிகள் மீண்டும் செல்லுபடியாகும். சிம் ரவுட்டருக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பழைய பெட்டியை ஒருவரிடமிருந்து வாங்கியவர்கள் இதனைச் செய்தேயாக வேண்டும் என்பது நம் கருத்து. கண்ணாடியிழைக் கம்பி இணைப்பு உள்ள வீடுகளிலோ, நிறுவனம் தந்த இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, இணையமே நின்றுபோகக்கூடும். அவர்கள் நிறுவனத்தைக் கேட்டபின் துளையைத் தொடலாம். நிர்வாகச் சாவியைத் தம் வசமே வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு ஏன் உள்ளே போக வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பல பழைய ரவுட்டர்களில் நிர்வாகச் சாவி ஒரே சொல்தான். லயத்து வீடுகள் அனைத்திற்கும் ஒரே பூட்டைப் போட்டது போன்றதே அது. 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலைச் சாவிகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டே, உலகெங்கும் இலட்சக்கணக்கான சாதனங்களைத் தன்வயப்படுத்தியது. அதற்கு முன்பு பிரேசில் நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிச் சுமார் 45 இலட்சம் மோடம்கள் திருத்தப்பட்டன. மோடத்தின் ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தித் திருடர்கள் உள்ளே நுழைந்து, 'டிஎன்எஸ்' என்னும் வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். வங்கியின் சரியான முகவரியை அடித்தவர்களும் போலி வங்கியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சிம் ரவுட்டரில் வேறோர் ஆபத்தும் உண்டு. அந்த சிம்முக்கு வரும் குறுஞ்செய்திகளை நிர்வாகப் பக்கத்திலேயே படிக்க முடியும். அந்த எண்ணை எங்காவது பதிவு செய்து வைத்திருந்தால், அங்கிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணை, அலமாரிச் சாவி தெரிந்த எவரும் பார்த்துவிடலாம். இதனைப் பலர் சிந்தித்ததில்லை.

கூலாய்க்கும் இணையத்திற்கும் உள்ள உறவு இப்போது பெரிது. கூலாய் யங் தோட்டத்தின் 664 ஹெக்டர் நிலத்தை வாங்குவதாக 2021இல் அறிவித்த ஒய்.டி.எல். குழுமம், கூலாயில் பெரும் தரவு மையங்களை எழுப்பியுள்ளது. அத்தகைய மையங்களில் வேலியும் காவலரும் உண்டு. நம் வீட்டுப் பெட்டிக்கு உள்ள காவல் அந்த ஒரு கடவுச்சொல்லே.

ஆகவே உள்ளே நுழைந்ததும் நிர்வாகச் சாவியை மாற்றுங்கள். வைஃபை சாவியும் அதுவும் ஒன்றாக இருத்தல் ஆகாது. புதியதை ஒரு தாளில் எழுதி, சம்பளச் சீட்டுகளை வைக்கும் பெட்டியில் பத்திரப்படுத்தலாம். ரவுட்டரின் மேல் ஒட்டி வைக்க வேண்டாம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதனை மூடிவிடுங்கள். இணைந்திருக்கும் கைப்பேசிகளின் பட்டியலில் அறியாத பெயர் காணப்பட்டால், வைஃபை சாவியையும் மாற்றுவது தகும். வங்கிக் கணக்கிலிருந்து பணமே போய்விட்டதென்றால், ரவுட்டரை ஆராய்ந்துகொண்டிராமல், உடனே வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைக்க வேண்டும்.

தனியாகச் செய்யத் தயங்குவோர் அருகிலுள்ள நாடி மையத்தில் உதவி கேட்கலாம். செல்லும்போது ரவுட்டரோடு அதன் மின்கம்பியையும் கைப்பேசியையும் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஊழியர் வழி காட்டட்டும். புதிய சாவியை மட்டும் நீங்களே அடியுங்கள்.