பாக்டீரியாவுக்கு ஸ்பெஷல் சாப்பாடு... மாத்திரைகள் தேடிப்போகும் புரதத்தைப் படம்பிடிக்கும் விஞ்ஞானிகள்!

அடுக்குத் தும்மலா... ஒரு செட்ரிசின். மூச்சு இரைக்கிறதா... சால்பியூட்டமால் இன்ஹேலர். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால். மூன்றும் வெவ்வேறு பிரச்னைகளுக்கான மருந்துகள். ஆனால், உடலுக்குள் போனதும் மூன்றும் தேடிப்போவது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களைத்தான். அந்தக் குடும்பத்தின் பெயர் ஜி.பி.சி.ஆர்.

நம் செல் ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. துணியில் நூல் ஓடுவதுபோல, இந்தச் சவ்வை ஏழு முறை கடந்து நிற்பவை இந்தப் புரதங்கள். வெளிப்பக்கம் ஹார்மோனோ மருந்தோ வந்து ஒட்டினால், புரதத்தின் உருவம் லேசாக மாறும். அந்த மாற்றமே செல்லுக்குள் தகவலாகப் போகும். அதனால்தான் இவற்றை ‘ஏற்பி’ என்கிறார்கள். மனிதர்களிடம் சுமார் 800 வகை ஜி.பி.சி.ஆர் ஏற்பிகள் உள்ளன. இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றின் மீதுதான் வேலை செய்கிறது.

ஒரு ஏற்பிக்கான மருந்து இன்னொரு ஏற்பியிலும் போய் ஒட்டினால்..? அதுதான் பல பக்கவிளைவுகளுக்குக் காரணம். பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளைப் போட்டால் வாய் உலர்ந்துபோவதும் இதனால்தான். குறி தவறாத மருந்து வேண்டுமென்றால், ஏற்பியின் உருவம் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

புரதத்தின் உருவத்தை அறியப் பல காலமாக இருக்கும் வழி, அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சுவது. ஆனால், ஏற்பிகள் கொழுப்புச் சவ்வுக்குள் வாழப் பழகியவை. வெளியே எடுத்தால் குலைந்துவிடும். உடலில் இருக்கும் அளவும் மிகக் குறைவு. 2000-ம் ஆண்டில் முதன்முதலாக உருவம் தெரிந்த ஜி.பி.சி.ஆர், மாட்டின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ரோடாப்சின். விழித்திரையில் அது தாராளமாகக் கிடைப்பதே அதற்கு உதவியது.

2007-ல் அட்ரினலின் ஏற்பி ஒன்றின் உருவம் தெரியவந்தது. ஆட்டம் காட்டும் அந்தப் புரதத்தை நிலையாக நிறுத்த, அதன் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அங்கே வைரஸ் ஒன்றின் புரதத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. மாபெரும் சாதனைதான். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. வெட்டி ஒட்டாமல், அதன் சொந்த வீடான கொழுப்புச் சவ்வில் வைத்தே ஓர் ஏற்பியைப் பார்க்க முடியாதா?

காந்தத்துக்குக் கேட்கும் அணுக்கள்

இதற்குக் கைகொடுத்தது என்.எம்.ஆர். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வலுவான காந்தப்புலத்தில் அணுக்களை வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அவை பதில் சிக்னல் தரும். அந்த சிக்னல்களை வைத்து எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம்.

சிக்கல் என்னவென்றால், சாதாரண கார்பன்-12 பதிலே சொல்லாது. சாதாரண நைட்ரஜன்-14 சொல்லும் பதில் தெளிவாக இருக்காது. நன்றாக பதில் சொல்பவை, அவற்றைவிடக் கொஞ்சம் எடை கூடிய கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகிய ஐசோடோப்கள்தான். இயற்கையில் 100 கார்பன் அணுக்களில் சுமார் ஒன்றுதான் கார்பன்-13. நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. ‘ஐசோடோப்’ என்றதும் கதிர்வீச்சு பயம் வேண்டாம். இவை இரண்டும் கதிர்வீச்சு இல்லாதவை.

அப்படியானால், இந்த அணுக்களால் ஆன ஏற்பியைத் தயாரிக்க வேண்டும். யார் தயாரிப்பது?

ஈ.கோலை என்னும் சமையல்காரர்

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான் ஆள். சர்க்கரை நோயாளிகளுக்கான மனித இன்சுலினை 1980-களிலிருந்தே தயாரித்துத் தரும் அனுபவசாலி. மனித உடலால் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். ஈ.கோலைக்கு அந்தக் கவலை இல்லை. குளுக்கோஸும் அம்மோனியம் குளோரைடும் இன்னும் சில உப்புகளும் கொடுத்தால், 20 அமினோ அமிலங்களையும் அதுவே தயாரித்துக்கொள்ளும்.

எனவே, விஞ்ஞானிகள் செய்வது இதுதான். மனித ஏற்பிக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். பிறகு, கார்பன்-13 குளுக்கோஸ், நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு மட்டுமே உள்ள திரவத்தில் அதை வளர்க்கிறார்கள். வேறு சாப்பாடு கிடையாது. அதனால் பாக்டீரியா கட்டும் ஒவ்வொரு புரதமும் அந்த அணுக்களாலேயே ஆகிறது. குறிப்பிட்ட ஒரு அமினோ அமிலத்தை மட்டும் அடையாளமிட்டுக் கொடுத்தால், அது இருக்கும் இடங்கள் மட்டும் சிக்னல் தரும்.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. இன்சுலின் தண்ணீரில் கரையும், ஏற்பி கரையாது. பாக்டீரியாவின் சவ்வில் அதிகமாகத் திணித்தால் பாக்டீரியாவே நலிந்துவிடும். பல நேரங்களில் ஏற்பிகள் உருவம் பெறாமல், செல்லுக்குள் கட்டிகட்டியாகக் குவிந்துவிடுகின்றன. அந்தக் கட்டிகளைப் பிரித்தெடுத்து, சோப்பு போன்ற டிடர்ஜென்ட்டில் கரைத்து, சுத்தம் செய்து, கொழுப்புச் சவ்வில் சேர்த்து, சரியான உருவத்துக்கு மடிய வைக்க வேண்டும். மடிந்தது சரியா என்று அறிய, அந்த ஏற்பி உடலில் பிடிக்கும் மூலக்கூறை இங்கேயும் பிடிக்கிறதா என்று சோதிப்பார்கள்.

2012-ல் கிடைத்த பலன்

இந்த வழியில் சாதித்தது, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஸ்டான்லி ஓப்பெல்லா தலைமையிலான குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது சி.எக்ஸ்.சி.ஆர்-1 என்ற மனித ஏற்பி. உடலில் காயமோ தொற்றோ ஏற்படும்போது இன்டர்லூக்கின்-8 என்ற மூலக்கூறு சொல்லும் செய்தியைக் கேட்டு, வெள்ளையணுக்களை அங்கே விரைய வைப்பது இதன் வேலை. அழற்சி நோய்களிலும் புற்றுக்கட்டி வளர்ச்சியிலும் இதற்குத் தொடர்பு உண்டு. மொத்தம் 350 அமினோ அமிலங்கள். ஒன்றைக்கூட மாற்றாமல், கொழுப்புச் சவ்வில் வைத்தே அதன் முப்பரிமாண உருவத்தைக் கண்டறிந்து 2012-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஜி.பி.சி.ஆர் ஆய்வுகளுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இப்போதும் தேவையா?

இன்று கிரையோ எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்துவிட்டது. ‘ஆல்ஃபாஃபோல்ட்’ என்ற ஏ.ஐ மென்பொருள் புரதத்தின் உருவத்தை கம்ப்யூட்டரிலேயே கணிக்கிறது. 2024 வேதியியல் நோபல் பரிசில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால், இவை பெரும்பாலும் தருவது உறைந்த ஒரு புகைப்படம். ஏற்பியோ சும்மா நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். ஒரு மருந்து ஒட்டியதும் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பகுதி தளர்கிறது என்பதில்தான் அந்த மருந்தின் குணமே இருக்கிறது. அந்த அசைவைப் பின்தொடர்வதில் என்.எம்.ஆர் கெட்டி. அதற்கு அடையாளமிட்ட புரதம் வேண்டும். புரதத்துக்கு பாக்டீரியா வேண்டும்.

எல்லா ஏற்பியும் ஈ.கோலையிடம் மசிவதில்லை. சில, எத்தனை முயன்றாலும் சரியாக மடிவதில்லை. மனித செல் புரதத்தின் மேல் சேர்க்கும் சர்க்கரைத் தொகுதிகளையும் ஈ.கோலை சேர்க்காது. ஆகவே, ஒவ்வொரு ஏற்பிக்கும் ஆய்வகங்கள் புதிதாகப் பக்குவம் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தால், வாய் உலராத, தேவையில்லாத இடத்தில் போய் ஒட்டாத மாத்திரைகளை வடிவமைப்பது இன்னும் எளிதாகும்.