கல்லமேட்டுப் பெருவுடல்

எங்கள் ஊர் தா.பழூர். கொள்ளிடக் கரை என்பதால் தோண்டினால் வண்டல்தான் வரும். செந்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை வீட்டுக்குப் போனால்தான் எனக்குக் கல் என்பதே அதிசயம். அத்தையின் ஊறுகாய் ஜாடி மூடிமேல், ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட கல் ஒன்று பாரத்துக்கு இருக்கும். அது அம்மோனைட் என்ற கடலுயிர் என்று கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன். எங்கள் அரியலூர் மாவட்டத்து மண் ஒருகாலத்தில் கடலடி. இன்று சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்றது.

ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பின்வாங்க, ஆறுகள் மணலும் களியும் பரப்பின. இந்தியா அப்போது ஆசியாவோடு சேராத தனித்தீவு. எங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் அந்த ஆற்றுவெளியின் ஆமையும் முதலையும் புதைந்து கிடக்கின்றன. 2001-ல் அறிவிக்கப்பட்ட ஆமையின் பெயரே கூர்மாடெமிஸ் கல்லமெடென்சிஸ்.

அதே மண்ணில் கிடைத்த பெரிய டைனோசர் ஒன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் அறிவித்தார்கள். பெயர் புருகத்காயோசாரஸ். 'பிருகத்' என்றால் பெரிய, 'காயம்' என்றால் உடல். எங்களுக்குப் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் பிரகதீஸ்வரர் பெயரில் இருப்பதும் அதே 'பிருகத்'தான். முதலில் அதை ஊன் தின்னி என்றே கருதினார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள், நீண்ட கழுத்தால் தழை மேய்ந்த டைட்டனோசார் இனம் என்றார்கள்.

அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகப் புகழ்பெற்ற மாபெரும் டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்கே முழங்காலுக்குக் கீழ்க் கிடைத்த எலும்பு 1.55 மீட்டர்தான். எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்று 2023-ல் வந்த ஆய்வு ஒன்று கணித்தது. இருபது யானைகளின் பாரம்! தரையில் நடந்ததிலேயே பெரியது நம் மாவட்டத்தில் நடந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் எழுத முடிகிறது. பொதிந்து கட்டி எடுத்த எலும்புகள் கட்டுக்குள்ளேயே உதிர்ந்து போயின. மிஞ்சியவை வரைபடங்களும், 2022-ல் வெளியான பழைய புகைப்படங்களும். எலும்பு இல்லாமல் எந்த ஆய்வாளராலும் இனி அளந்து பார்க்க முடியாது.

அத்தையின் கல் இப்போது என்னிடம் இருக்கிறது. எந்த ஓடையில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று சொல்ல அத்தை இல்லை. கிடந்த இடம் தெரியாத கல், பாதிக் கதையை இழந்த கல். அதனால் என் மாவட்டத்தாரை வேண்டிக் கேட்கிறேன்: மழைக்குப் பின் ஓடையில் எலும்பு போலத் தெரிந்தால் பெயர்க்காதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெருவுடலின் இன்னொரு எலும்பு அதுவாகவும் இருக்கக்கூடும்.