நாமகிரித் தாயாரும் துறைமுகக் குமாஸ்தாவும்

நாமக்கல் மலையைக் குடைந்து அமைந்த நரசிம்மர் சந்நிதியை நோக்கி, 18 அடி உயரத்தில், கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். அவரைச் சேவித்துவிட்டுப் படியேறி நரசிம்மரையும் நாமகிரித் தாயாரையும் தரிசிப்போரின் வேண்டுதல்களில் பிள்ளைகளின் உத்தியோகம் பற்றிய வேண்டுதலுக்கு எப்போதும் தனியிடம் உண்டு. முன்பெல்லாம் “வேலை கிடைக்க வேண்டும்” என்று வேண்டிக்கொண்டார்கள். இப்போது வேலை கிடைத்துவிடுகிறது, சம்பளமும் குறைவில்லை. ஆனால், “பையனுக்கு வேலையில் மனமே ஒட்டவில்லை, தாயே” என்பதே பல பெற்றோரின் முறையீடாக இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதனை ‘ஊழியர் ஈடுபாடு’ என்று பெயரிட்டு, படிவம் கொடுத்துக் கேள்வி கேட்டு அளந்து பார்க்கின்றன.

படிவம் எதுவும் இல்லாத காலத்தில், இதே தாயாரின் அடியவர் ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் நேர்ந்ததை எண்ணிப் பார்ப்பது தகும். அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

நாமகிரித் தாயார் அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் குலதெய்வம். நெடுநாள் பிள்ளைப்பேறின்றி இருந்த கோமளத்தம்மாள் தாயாரிடம் வேண்டிக்கொண்ட பிறகு, 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் இராமானுஜன் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர்; மாதச் சம்பளம் 20 ரூபாய். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால், இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியம்மாளுடன் திருமணமும் ஆயிற்று. பட்டமில்லை, வருவாயில்லை, கையில் இருந்தவை கணித நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே.

1910இல் அவர் வேலை தேடித் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர். தாலுகா அலுவலகத்தில் ஏதேனும் ஒரு சிறு வேலை வேண்டும் என்று கேட்டு வந்த இளைஞரின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த அவர், அந்த வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். இவ்வளவு பெரிய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் அமர்த்தி நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார். கேட்டதைக் கொடுக்காததும் சில வேளைகளில் பெரிய உபகாரமே.

பின்னர், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனால் உழைக்காமல் பிறர் கொடுக்கும் பணத்தில் நாளைக் கழிப்பது இராமானுஜனுக்குப் பொறுக்கவில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அந்த வேலை எத்தகையது என்பதைப் பேரேட்டைக் கூட்டிப் பழகியவர்கள் அறிவார்கள். எண்ணை எண்ணோடு ஒத்துப் பார்ப்பது, கூட்டிச் சரிபார்ப்பது, மறுநாளும் அதையே செய்வது. முடிவிலித் தொடர்களிலே திளைத்த மனத்துக்கு அதில் சுவைக்க எதுவும் இருந்திருக்காது. ஆயினும் அந்த நாற்காலியில் அமர்ந்த ஓராண்டுக் காலம் அவருடைய வாழ்வில் நிம்மதியான காலமாக அமைந்தது. கொடுத்த வேலையை விரைவில் முடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் கணிதம் செய்தார். காகிதம் வாங்க வசதி போதாமையால், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுற்றியிருந்த தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அவற்றில் எழுதினார்.

வேறோர் அலுவலகமாக இருந்தால் ‘அலுவல் நேரத்தில் சொந்த வேலை’ என்று விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கும். இங்கே அவ்வாறு நடக்கவில்லை. காரணம் மேலதிகாரிகள் இருவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அயர்லாந்து நாட்டுப் பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் அலுவலகத்தை நடத்தியவர் எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் போதித்தவர். கணிதச் சங்கத்தின் பொருளாளர். தமக்குக் கீழே கூட்டல் கணக்குப் பார்க்கும் பையன் தம்மைவிடப் பல மடங்கு பெரியவன் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். உணர்ந்ததும் பொறாமைப்படவில்லை, அஞ்சவுமில்லை. உத்தியோக உலகில் அபூர்வமாகக் காணக்கிடைப்பது இந்தக் குணம்தான்.

மாலையில் வீடு திரும்பியதும், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் இருந்த நாராயண ஐயர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்துவிடுவார்கள். இரவு வெகு நேரம் வரையில் பலப்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இராமானுஜன் பத்துப் படிகளை இரண்டே படிகளில் தாண்டிவிடுவார். நாராயண ஐயரோ, தமக்குப் புரியும்படி இறங்கி வந்து எழுதச் சொல்வார்; தமக்கே விளங்காவிட்டால் வெளியுலகத்தார் எப்படி ஏற்பார்கள் என்பது அவருடைய வாதம். மேலதிகாரி தம் குமாஸ்தாவிடம், “எனக்கு விளங்கவில்லை, சொல்லிக் கொடு” என்று கேட்டார் என்பதை இன்று மேலாளர் பயிற்சி வகுப்புகளில் சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

கடலைத் தாண்ட வல்லவர் யார் என்று வானரர்கள் திகைத்தபோது, ஆஞ்சநேயருக்கு அவர் பலத்தை எடுத்துச் சொன்னவர் ஜாம்பவான். நாராயண ஐயரை ஜாம்பவானுக்கு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு. இராமானுஜனுக்குத் தம் பலம் தெரியும். அதை ஊராருக்கு எடுத்துச் சொல்லத்தான் ஒருவர் தேவைப்பட்டார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், தாம் துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என்ற அறிமுகத்துடன்தான் தொடங்குகிறது. அடுத்த மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் தம் குமாஸ்தாவின் நோட்டுகளை அவரிடம் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1913 மே முதல் இராமானுஜனின் நாற்காலி காலியாயிற்று. நல்ல ஊழியரை அலுவலகமே முயன்று வெளியே அனுப்பிவைத்தது! அவர் இங்கிலாந்து செல்லும் செலவுக்கு ஆவன செய்யும்படி ஆளுநரின் அந்தரங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதியவரும் இதே ஸ்பிரிங்தான்.

ஆனால் இங்கிலாந்து செல்வது எளிதாக இல்லை. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்பதால் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. இராமானுஜனும் முதலில் மறுத்தே பதில் சொன்னார். அலுவலகம் விட்டுக்கொடுத்துவிட்டது; தாய் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளையை வெளிநாட்டு விமானத்தில் ஏற்றிவிட்டு வீடு திரும்பிய பெற்றோருக்கு அந்த அம்மையாரின் நெஞ்சம் விளங்காமல் போகாது.

1913 டிசம்பர் இறுதியில் இராமானுஜன் நாமக்கல்லுக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர் நாராயண ஐயர். முன்பு வேலை தர மறுத்த இராமசாமி ஐயர் அப்போது சேலத்தில் டெபுடி கலெக்டர். அவர் இல்லத்தில் தங்கினார்கள். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சேலம்–கரூர் ரயில் 2013இல்தான் ஓடத் தொடங்கியது. அன்று சாலை வழிதான். கோயிலை அடைந்து, அங்கேயே மூன்று இரவுகள் படுத்துறங்கினார்கள். முதல் இரண்டு இரவுகள் ஒன்றும் நிகழவில்லை. மூன்றாம் இரவு இராமானுஜன் விழித்தெழுந்து நாராயண ஐயரை எழுப்பினார். பேரொளி தோன்றியதாகவும், கடல் கடந்து செல்லத் தாயாரின் ஆதேசம் கிடைத்துவிட்டதாகவும் கூறினார். கோமளத்தம்மாள் கண்ட கனவு ஒன்றும் சொல்லப்படுகிறது. ஐரோப்பியர்கள் சூழத் தம் மகன் அமர்ந்திருக்கக் கண்டார். மகனின் வாழ்வு நிறைவேற இனிக் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டதையும் கேட்டார். அதன்பின் அவர் தடை சொல்லவில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்பவர் 1914 ஜனவரியில் சென்னைக்கு வந்து இராமானுஜனை அழைத்தபோது, அவரை இணங்கவைக்க வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

பிற்காலத்தில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான பின்பும், தமக்குக் கிடைக்கவிருந்த தொகை தம் தேவைக்கு மிகுதி என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார் இராமானுஜன். பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக மீதியை ஏழை மாணவர்களின் படிப்புக்குச் செலவிடக் கேட்டுக்கொண்டார்.

1914 மார்ச் 17 அன்று, ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஓராண்டுக்கு முன்வரை எந்தத் துறைமுகத்தின் வரவு செலவைச் சரிபார்த்தாரோ, அதே துறைமுகத்திலிருந்து இராமானுஜன் பயணமானார். வழியனுப்ப வந்த பெரியவர்களில் ஸ்பிரிங் இருந்தார். நாராயண ஐயருக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது. இரவெல்லாம் கணக்குப் போட்ட அந்த இரண்டு சிலேட்டுகளையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். இராமானுஜனின் சிலேட்டு திருவல்லிக்கேணி வீட்டில் தங்கிவிட்டது.